தங்கச்சி கடைக் கம்பித்தட்டு

கோபம் எனக்கு மூக்கின் நுனியில் இருக்கும். இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் உண்டு. "எங்க அண்ணன் கோபக்காரர்தான், ஆனா மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டார்" என்று தங்கச்சி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத அந்த உத்தமன் செய்த காரியத்தைத்தான் இப்போது சொல்கிறேன்.

நான் வெல்டர். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்கிற சொந்தப் பட்டறை. கூட ஒரே ஒரு ஆள், சோடாபுட்டி. என் வயசுக்காரன். கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பது ஆளா அலமாரியா என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் அவன் வைத்த ஒட்டைத் தடவிப் பார்த்தாலும் எங்கே ஒட்டினான் என்று கண்டுபிடிக்க முடியாது.

தங்கச்சி இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். அவளும் அவள் வீட்டுக்காரரும், அதாவது என் மாப்பிள்ளையும், கரி அடுப்பில் கோழி சுட்டு விற்கிற கடை நடத்துகிறார்கள். பெயருக்குத்தான் மாப்பிள்ளை முதலாளி. அவர் கல்லாவில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துச் சிரிப்பார், அவ்வளவுதான் அவர் வேலை. அடுப்பு அவளுடையது. பீப்பாயை நெடுக்காக இரண்டாக அறுத்து, கீழே கால் வைத்த அடுப்பு. இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கையில் இடுக்கியோடு அதன் முன்னால் அவள் நிற்பதைப் பார்க்க வேண்டும். எப்போது திருப்ப வேண்டும் என்று கோழியே அவளைக் கூப்பிட்டுச் சொல்லும் போலிருக்கும். ஊரின் அந்தக் கோடியிலிருந்தெல்லாம் ஆட்கள் தேடி வந்து தின்றார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் மூன்று வருஷம் கோட்டை விட்டவள் அவள். "உருப்படாதவ" என்று நானே வாய் ஓயாமல் திட்டியிருக்கிறேன். நெருப்பு முன்னால் போய் நின்ற பிறகுதான் நாலு பேர் அவளை மதித்தார்கள்.

அந்த அடுப்பின் கம்பித்தட்டு தேய்ந்துவிட்டது. கரிக்கு மேலே கோழியை அடுக்குகிற சட்டம்தான் கம்பித்தட்டு. ஆறு வருஷம் நெருப்பில் கிடந்ததில் கம்பிகள் ஓரத்தில் விரல் தடிமனாகவும் நடுவில் குச்சி மாதிரியும் ஆகி, மொத்தத் தட்டும் பழைய கயிற்றுக் கட்டில் போலத் தொய்ந்து கிடந்தது. இரண்டு கம்பி அறுந்தே போயிற்று. அந்தச் சந்து வழியாகக் கோழிக்கால்கள் நெருப்பில் விழுந்துகொண்டிருந்தன. கட்டுக்கம்பியைச் சுற்றிச் சுற்றிச் சமாளித்தாள். ஒரு நாள் சாப்பிட வந்தவர் வாயிலிருந்து அந்தக் கட்டுக்கம்பியில் ஒரு துணுக்கை எடுத்துத் தட்டோரம் வைத்தாராம். மறுநாளே மாப்பிள்ளை பட்டறைக்கு வந்துவிட்டார்.

அவர் வந்த நேரம் சரியில்லை. மூன்று மாடி வீடு கட்டுகிற ஒரு பெரிய மனுஷர் என் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கு டிசைன் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் வேலையின் அருமை பெருமைகளை அளந்து விட்டுக்கொண்டிருந்தேன்.

"மச்சான், அடுப்புக்கு ஒரு தட்டு வேணும். புதுசா ஒண்ணும் வாங்கிறாதீங்க. மூலையில பழசு கிழசு ஏதாவது கெடந்தா நாலு கம்பிய வச்சு ஒட்டிக் குடுங்க, அது போதும்" என்றார் மாப்பிள்ளை.

பெரிய மனுஷர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்குச் செலவு வைக்கக் கூடாது என்ற மரியாதையில்தான் மாப்பிள்ளை அப்படிச் சொன்னார். அது இப்போது புரிகிறது. அப்போது என் காதில் விழுந்தது வேறு. உன் வேலை இவ்வளவுதான், பழசு கிழசு, நாலு கம்பி. மாப்பிள்ளை வீட்டு கேட்டிலிருந்து கடை ஷட்டர் வரைக்கும் எல்லாம் நான் பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்தது. அதையெல்லாம் நாலு கம்பி என்று சொல்லிவிட்டாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அதுக்கென்ன மாப்பிள்ளை, செஞ்சுட்டாப் போச்சு" என்று பல்லைக் காட்டினேன். பழசு கிழசுதானே வேண்டும், இந்தா வாங்கிக்கொள் என்று அந்த நிமிஷமே முடிவு பண்ணிவிட்டேன்.

ஒரு தோட்டத்து வேலிக்கு வாங்கியதில் மிஞ்சிய ஜி.ஐ. கம்பி மூலையில் ஒரு கட்டு கிடந்தது. துருப்பிடிக்காமல் இருக்க மேலே துத்தநாகம் பூசிய கம்பி. மழையிலேயே கிடந்தாலும் பளபளப்புக் குறையாது. வேலிக்கு அதைப் போல வராது. அடுப்புக்கு அது ஆகவே ஆகாது. எங்கள் தொழிலுக்கு நேற்று வந்தவனுக்கும் இது தெரியும். நன்றாகக் காய்ந்தால் துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதை மூச்சில் இழுத்தவனுக்குச் சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல் வரும், குளிர் தூக்கிப் போடும், நெஞ்சை அடைக்கும், வாயில் ஒரு அசட்டுத் தித்திப்பு ஓடும். மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து உட்கார்ந்துவிடுவான். எனக்கே இரண்டு தடவை வந்திருக்கிறது.

சோடாபுட்டி ஒரு கம்பியை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான். "இது ஜி.ஐ. ஆச்சே. அடுப்புக்குன்னு சொன்னியே?"

"கரி நெருப்புதானேடா. நம்ம வெல்டிங் சூடா அது?"

"அந்தப் பக்கம் எஸ்.எஸ். எவர்சில்வர் கெடக்கே. ரெண்டு லென்த் போதும்."

"எஸ்.எஸ். என்ன மரத்துல காய்க்குதா? ஓசி வேலைக்கு இது போதும். நீ உன் வேலையப் பாரு."

அவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டான். நான் உட்கார்ந்து ஒட்ட ஆரம்பித்தேன்.

இதைச் சொல்ல நாக்குக் கூசுகிறது. ஒட்டுகிற முனைகளில் மட்டும் துத்தநாகத்தைக் கிரைண்டர் வைத்துச் சுத்தமாகச் சுரண்டி எடுத்தேன். விசிறியை முதுகுப் பக்கம் திருப்பி வைத்துப் புகை என் முகத்துக்கு வராமல் பார்த்துக்கொண்டேன். மூக்கில் துணி வேறு கட்டிக்கொண்டேன். என் மூச்சு படுகிற இடத்தில் அவ்வளவு ஜாக்கிரதை. மற்ற இடமெல்லாம் பூச்சு அப்படியே இருந்தது. அங்கே நிற்கப்போவது நான் இல்லையே.

தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது தங்கச்சிக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்பில் வைத்துப் பார்த்தாள். அச்சாக உட்கார்ந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து கம்பிகளை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"எப்படிப் பளபளன்னு இருக்கு பாருங்க" என்று மாப்பிள்ளையிடம் காட்டினாள். பிறகு என்னிடம், "தினம் காலைல கரியக் கொட்டி, ப்ளோயரப் போட்டு, தட்டு செக்கச்செவேல்னு ஆகுற வரைக்கும் காய்ச்சுவேன்ணே. அப்பதான் நேத்து ஒட்டினதெல்லாம் சாம்பலாகும். அப்புறம் பிரஷ்ஷு போட்டுத் தேச்சு, எண்ணெத் துணியால ஒரு இழுப்பு. இது தாங்கும்ல?" என்று கேட்டாள்.

செக்கச்செவேல் என்று அவள் சொன்னபோது நான் அடுப்பை விட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

"எவர்சில்வர்தானே?" என்றாள்.

"ம்" என்றேன்.

அவ்வளவுதான். வாயைத் திறந்து சொல்லக்கூட இல்லை. அப்போதே "இல்லம்மா, அவசரத்துல ஏதோ செஞ்சேன், நாளைக்கு வேற கொண்டாறேன்" என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மாப்பிள்ளை பக்கத்தில் நின்றார். அவர் முன்னால் சொல்ல என் ரோஷம் விடவில்லை. அவர்கள் கொடுத்த கோழிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, நன்றாகச் சாப்பிட்டேன்.

பத்து நாள் இருக்கும். மாப்பிள்ளை போன் பண்ணினார். "மச்சான், அவளுக்கு மறுபடியும் காய்ச்சல். இந்த வாரத்துல இது நாலாவது தடவ. சாயங்காலம் ரெண்டு பேரும் ஒரு எட்டு வந்துட்டுப் போறீங்களா?"

நானும் என் மனைவியும் போனோம். இரண்டு போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். பல் தந்தியடித்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"படும்மா படு. என்ன செய்யுது?"

"காலைல நல்லாத்தான் எந்திரிக்கிறேன்ணே. மத்தியானம் தாண்டினா ஆரம்பிச்சிடுது. நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி. கடை லீவு அன்னிக்கு ஒண்ணுமே இல்ல. லீவு முடிஞ்சு மறுநாள்தான் போட்டுப் பொரட்டி எடுக்குது." உதட்டை நக்கிக்கொண்டாள். "வாயெல்லாம் வேற தித்திக்குது. காசை நக்கின மாதிரி ஒரு கண்ராவித் தித்திப்பு."

அந்தத் தித்திப்பு என் நாக்கிலேயே வந்த மாதிரி இருந்தது.

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, உங்களுக்கும் ஒரு தடவ இப்படித்தானே வந்துச்சு? ஏதோ கம்பி வேலை பாத்துட்டு வந்து..."

"அது வேற, இது வேற. தெரிஞ்ச மாதிரி பேசாதே" என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். என் கோபத்துக்கு வீட்டில் எல்லோரும் பழக்கப்பட்டவர்கள். அன்றைக்கு அந்தக் கோபம் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் முகத்தை எங்காவது கொண்டுபோய் மறைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டிருக்கிறார். கரி அடுப்பு என்றதும், "அந்தப் புகைதான் ஒத்துக்கல. கொஞ்ச நாள் அடுப்புப் பக்கமே போக வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். கம்பித்தட்டைப் பற்றி அவருக்கு யார் சொல்வது? தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். நான் வெளியே மருந்துக் கடை வாசலில் நின்று மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தேன், பொறுப்பான அண்ணனாக.

மறுநாள் கடைக்குப் போய்த் தட்டைப் பார்த்தேன். பளபளப்பெல்லாம் போய், நடுவில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. "சாம்பல்ணே, எவ்ளோ தேச்சாலும் போக மாட்டேங்குது" என்று அவள் முன்பு சொன்னது நினைவுக்கு வந்தது. முன்பக்கத்தில் ஒரு குடும்பம் பிள்ளைகளோடு உட்கார்ந்து எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தது. இந்தத் தட்டில் வெந்ததைத்தான் நாலு தெரு ஜனமும் பத்து நாளாகத் தின்றிருக்கிறது. அப்போதாவது சொன்னேனா என்றால், இல்லை.

கோழைக்கு எப்போதும் ஒரு குறுக்குவழி தோன்றிவிடும். "ஒட்டு ஒண்ணு விரிஞ்சிருக்கு மாப்பிள்ளை, இதுல கோழி வைக்காதீங்க. இன்னிக்குக் கடைய மூடிட்டு, நாளைக்கு லீவுல சரி பண்ணிடறேன்" என்று சொல்லித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். எஸ்.எஸ். கம்பியில், அதாவது நிஜமான எவர்சில்வரில், அதே அளவுக்கு அச்சு அசலாக வேறொன்று செய்தேன். சோடாபுட்டி எதுவும் கேட்கவில்லை. கம்பியை வெட்டி வெட்டி என் பக்கத்தில் வைத்தான். அவன் ஏதாவது கேட்டிருந்தாலாவது சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். மறுநாள் புதுத் தட்டைக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தேன். பழையதைப் பட்டறையில் இரும்புக் குவியலுக்கு அடியில் சொருகினேன். முடிந்தது, யாருக்கும் தெரியாது, தங்கச்சியும் பிழைத்தாள் என்று நினைத்தேன்.

காய்ச்சல் நின்றுவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று.

டாக்டர் சொன்ன அன்றே மாப்பிள்ளை அடுப்புக்கு ஒரு மாஸ்டரை ஏற்பாடு பண்ணிவிட்டார். தங்கச்சியைக் கல்லாவில் உட்கார வைத்தார். அவள் அடுப்பைத் தொடாமல் இருக்கத் தொடங்கியதும் தட்டு மாறியதும் ஒன்றாக நடந்துவிட்டன. அவள் தேறியதைப் பார்த்து மாப்பிள்ளை டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார். "பாத்தியா? அடுப்ப விட்டே, நல்லாயிட்டே. இனிமே ஜென்மத்துக்கும் அந்தப் பக்கம் போகக் கூடாது. கடை எப்படிப் போனாலும் போகட்டும், எனக்கு நீ வேணும்" என்று சொல்லி அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? பயந்துபோயிருந்தார்.

ஒரு வாரம் கழித்துத் தங்கச்சி பட்டறைக்கு வந்தாள். தானாக அவள் பட்டறைக்கு வந்ததே இல்லை. சோடாபுட்டி ஸ்டூலை எடுத்துப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டான்.

"அண்ணே, நீ சொன்னா அவர் கேப்பார். ஒரே ஒரு நாள் என்னை அடுப்புல நிக்க விடச் சொல்லு."

"டாக்டர்தான் சொல்லியிருக்கார்லம்மா."

"அந்த மாஸ்டர் கோழிய எரிச்சுட்டு உள்ள பச்சையா குடுக்குறார். வர்றவங்க என் மூஞ்சியப் பாத்து, 'அக்கா, நீங்க ஏன் நிக்கல?'ன்னு கேக்குறாங்க. சில்லறைய எண்ணிக் குடுத்துக்கிட்டு நான் என்ன பதில் சொல்றது?" மூக்கைச் சிந்தினாள். "எனக்கு வேற எதுவும் தெரியாதுண்ணே. உனக்கே தெரியும், நான் உருப்படாதவ. நெருப்பு முன்னாடி நின்னாத்தான் நான் ஒரு ஆளு. அதுவும் என் உடம்புக்கு ஆகலன்னா நான் எதுக்கு இருக்கேன்?"

குலுங்கிக் குலுங்கி அழுதாள். நான் கற்றுக்கொடுத்த வார்த்தையை வைத்தே தன்னைத் திட்டிக்கொண்டு அழுதாள். பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. "பேசறேன்மா, நாளைக்கு வந்து பேசறேன்" என்று அனுப்பி வைத்தேன்.

மறுநாள் காலையில், கடை திறப்பதற்கு முன்னால் போனேன். நாற்காலிகள் மேஜை மேல் கவிழ்ந்திருந்தன. மாஸ்டர் கோழிக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தரையைக் கழுவினார். தங்கச்சி கல்லாவில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தாள்.

"மாப்பிள்ளை, அவளுக்கு வந்தது கரிப்புகையால இல்ல. நான் போட்ட தட்டால. அது எவர்சில்வர் இல்ல, ஜி.ஐ. வேலிக்குப் போடற கம்பி. சூடு பண்ணினா விஷப் புகை வரும். தெரிஞ்சேதான் போட்டேன். இப்ப இருக்கறது வேற தட்டு. அன்னிக்கு யாருக்கும் தெரியாம மாத்திட்டேன்."

வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அடி விழும் என்று காத்து நின்றேன்.

மாப்பிள்ளை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"மச்சான், நேத்து இவ உங்ககிட்ட வந்து அழுதான்னு எனக்குத் தெரியும். அதுக்காக இப்படிப் பழியத் தூக்கி உங்க தலைல போட்டுக்குவீங்களா? தங்கச்சி மேல இவ்ளோ பாசம் யாருக்கு வரும்?"

"இல்ல மாப்பிள்ளை, நெஜமாவே..."

"விடுங்க மச்சான். பத்துப் பைசா கேக்காம எங்களுக்கு எல்லாம் செஞ்சவர் நீங்க. நீங்களா அப்படிச் செய்வீங்க?"

தங்கச்சி கல்லாவை விட்டு எழுந்து வந்தாள். "எனக்காக எவ்ளோ பெரிய பொய் சொல்றே" என்று என் தோளில் தலையைச் சாய்த்தாள். மாஸ்டரிடம் திரும்பி, "பாத்தீங்களா, எங்க அண்ணன்" என்றாள். மாஸ்டரும் தலையை ஆட்டினார்.

ஒரு உண்மையையும் மறைக்காமல் சொல்வதென்று ஆரம்பித்துவிட்டேன், இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நான் பேசாமல் நின்றேன். தப்பித்துவிட்டேன் என்று தோன்றியது. சொல்லியும் ஆயிற்று, நல்ல பெயரும் போகவில்லை. இதை விட வேறென்ன வேண்டும்? அப்படியே நகர்ந்திருப்பேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கல்லாவுக்குப் போய் உட்கார்ந்தாள். கல்லாச் சாவியை எடுத்து இடுப்பில் சொருகினாள். இனி இதுதான் என்று முடிவு பண்ணிவிட்ட மாதிரி ஒரு சொருகல். அதைப் பார்த்ததும் என் மேல் எனக்கே குமட்டிக்கொண்டு வந்தது.

"இங்கேயே இருங்க. யாரும் எங்கயும் போகாதீங்க" என்று கத்திவிட்டுப் பட்டறைக்கு ஓடினேன்.

இரும்புக் குவியலைப் புரட்டிப் பழைய தட்டை இழுத்தேன். சோடாபுட்டி வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேருமாகத் தெரு வழியே தூக்கிக்கொண்டு போனோம். கடைக்குப் பின்னால் திறந்த வெளியில் நாலு செங்கல்லை அடுக்கி, கரியைக் கொட்டிப் பற்ற வைத்து, தட்டை மேலே வைத்தேன். ப்ளோயரை முழு வேகத்தில் முடுக்கினேன். "காத்து முதுகுல படற மாதிரி தள்ளி நில்லுங்க" என்று எல்லோரையும் ஒதுக்கினேன். மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

நடுக்கம்பிகள் ஏற்கெனவே வெந்து தீர்ந்திருந்தன. ஓரத்துக் கம்பிகளில் பூச்சு மீதி இருந்தது. அவை மெல்லச் சிவந்தன. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு வெள்ளையாக, கரிப்புகை மாதிரியே இல்லாத கெட்டியான வெள்ளையாக, ஒரு புகை எழுந்தது. கம்பி மேல் பஞ்சுத் துணுக்குகள் மாதிரி பூத்துப் பறந்தது.

தங்கச்சி முன்னால் வந்தாள்.

"கிட்ட வராதே!" என்று அலறினேன்.

"பத்து நாளா கிட்டதானே நின்னேன்" என்றாள். இரண்டடி வந்து, மூக்கை லேசாக நீட்டி ஒரு மூச்சு இழுத்தாள். உடனே முகம் சுருங்கியது. "இந்த வாசந்தான்."

மாப்பிள்ளை அவள் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "அன்னிக்குப் பழசு கிழசுன்னு ஏதோ சொன்னேன். அதான் தப்பாப் போச்சா மச்சான்?"

இந்த மனுஷர் இப்போதும் தன் மேல்தான் குற்றம் தேடுகிறார். "இல்ல மாப்பிள்ளை" என்றேன். சோடாபுட்டி ப்ளோயரை நிறுத்தினான்.

"எவர்சில்வரான்னு கேட்டேனே" என்றாள் தங்கச்சி. கோபமாகக் கேட்கவில்லை. கணக்கு எங்கே தப்பியது என்று பார்க்கிற குரல். அவள் உள்ளே போனாள்.

நாங்கள் பின்னால் போனபோது அவள் கல்லாச் சாவியை மாப்பிள்ளையின் கையில் வைத்தாள். துண்டை எடுத்து இடுப்பில் கட்டினாள். "நீங்க கொஞ்சம் நகந்துக்குங்க" என்று மாஸ்டரிடம் இடுக்கியை வாங்கிக்கொண்டாள். அடுப்பின் முன்னால் நின்று, புதுத் தட்டை இடுக்கியால் தட்டினாள்.

"இது என்ன கம்பி?"

"எஸ்.எஸ். எவர்சில்வர்தாம்மா. சத்தியமா."

அவள் சோடாபுட்டியைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். அதுவும் அவளுக்குப் போதவில்லை.

"நீயே பத்த வை" என்றாள் என்னிடம்.

கரியைக் கொட்டிப் பற்ற வைத்தேன். ப்ளோயரைப் போட்டேன். எல்லோரும் சுற்றி நின்று தட்டையே பார்த்தார்கள். நான் செய்த தட்டு, என் கையால் ஒட்டியது. ஆனாலும் எங்கேயாவது வெள்ளை எழுகிறதா என்று நானும் அவர்களோடு சேர்ந்து தேடினேன். கம்பிகள் செக்கச்செவேலென்று ஆயின. வெள்ளைப் புகை எதுவும் வரவில்லை.

"குனிஞ்சு மூச்சு இழு" என்றாள்.

"ஏம்மா, அண்ணன்மா அது..." என்று மாப்பிள்ளை குறுக்கே வந்தார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

குனிந்தேன். புருவம் பொசுங்குகிற சூடு. நன்றாக ஆழமாக இழுத்தேன். நிமிரச் சொல்லும் வரை இழுத்துக்கொண்டே இருந்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அது சூட்டினால் என்று அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

"தித்திக்குதா?"

"இல்லம்மா."

"நீ சொல்றதை வச்சு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்றாள். "அந்தக் காய்ச்சல் உடனே வராது. மத்தியானத்துக்கு மேலதான் வரும். அது வரைக்கும் இங்கேயே உக்காரு. பாத்துட்டுத்தான் இதுல கோழி வைப்பேன்."

மாஸ்டர் ஒரு நாற்காலியை இறக்கி வாசலுக்குப் பக்கத்தில் போட்டார். உட்கார்ந்தேன். மத்தியானம் சாப்பிட வந்தவர்கள், "என்ன, இன்னிக்குக் கடை இல்லையா?" என்று கேட்டார்கள். "சாயங்காலம் வாங்க" என்று மாப்பிள்ளை சமாளித்தார். "இல்ல, ஏன்?" என்று ஒருவர் விடாமல் கேட்டார். "அண்ணனுக்குக் காய்ச்சல் வருதான்னு பாத்துக்கிட்டு இருக்கோம்" என்று உள்ளேயிருந்து தங்கச்சி பதில் சொன்னாள். அவர் என்னை அனுதாபத்தோடு பார்த்து, "உடம்பப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து புறங்கையை என் நெற்றியில் வைத்தாள். கழுத்திலும் வைத்துப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.